ஐந்து நிமிடம், மூன்று கேள்வி

கண் மருத்துவமனை நிர்வாகிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

சபை மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், மாதர் சங்கச் செயற்குழுவின் எதிரே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. முடி மட்டும் நரைத்திருந்தது. குரல் அதே குரல்.

"உங்களுக்குப் பேச்சுத் துணையா இவளைப் போடுறேன்," என்றார் சங்கத் தலைவி. மேடையில் நேரம் முடிந்தால் மணியடிப்பவர் அவர்தான். அதனால் எல்லோருக்கும் மணியக்கா. "சயின்ஸ் படிச்சவ. ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. மெஷின் விஷயமெல்லாம் இவளுக்குத்தான் புரியும்."

"நல்லாப் பேசுவாங்களா?"

"வாயே திறக்க மாட்டா. ஊமச்சின்னுதான் நாங்க கூப்பிடுறது."

"பேசாதவங்கதான் நல்லாக் கவனிப்பாங்க," என்று நிர்வாகி சிரித்தார். "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

மணியக்கா இருமினார்.

"அச்சகத்துல இருந்தாரே, அவரோட பொண்ணு," என்றேன்.

"ஓ, அவரா. நல்ல மனுஷன். சீக்கிரம் போயிட்டார்."

அம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அப்போதே எழுந்து போயிருப்பேன்.

அம்மா அவருடைய மருத்துவமனையில்தான் வேலை பார்த்தாள். எங்கள் லுத்தரன் சபை நடத்தும் கண் மருத்துவமனை. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பது அவள் வேலை. ஆட்டோகிளேவ் என்றால் பெரிய பிரஷர் குக்கர்தான். நீராவியின் சூட்டில் கிருமி சாகும். வெளியே எடுக்கும்போது டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் திறந்ததற்கு அடுத்த வருஷம், ஒரே நாளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூன்று பேருக்குக் கண்ணில் சீழ் வைத்தது. மூன்று பேருக்கும் அந்தக் கண் போயிற்று. அம்மா டேப்பைக் காட்டினாள். கோடு கறுத்திருந்தது.

"டேப் கறுத்தாப் போதாது. நேரம் பத்தலை. வீட்டுக்குப் போற அவசரத்துல சீக்கிரம் எடுத்துட்டீங்க," என்றார் நிர்வாகி.

அடுத்த ஞாயிறு, ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், கவனக்குறைவாக இருந்த ஊழியர் நீக்கப்பட்டுவிட்டார், மூன்று குடும்பங்களுக்காகவும் அந்தச் சகோதரிக்காகவும் ஜெபியுங்கள் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடும்பம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு, ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்த கோப்பைகளை அம்மா கழுவி அடுக்கினால், மணியக்கா வந்து, ஒன்றும் சொல்லாமல், அவற்றை மறுபடி கழுவுவார். கோபமாக இல்லை. மெதுவாக, சிரித்த முகத்தோடு. சில வாரங்களில் அம்மா சமையலறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டுக் காணிக்கைப் பெட்டியை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசுக்குத் தீட்டில்லை.

அம்மா யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. பயத்தால் இல்லை. அவளுக்கே நிச்சயம் இல்லை. துணி மடித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று, "ஒருவேளை அன்னைக்குச் சீக்கிரம்தான் எடுத்துட்டேனோ," என்பாள். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். மடிக்கிற துணியைப் பார்த்துச் சொல்வாள்.

நான் அறிவியல் படித்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நீராவி பட்டதா என்பதை டேப் சொல்லும், சூடு போதுமா என்பதைச் சொல்லாது என்று கல்லூரியில் தெரிந்துகொண்டேன். அந்த மெஷின் மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் சான்று ஆகாது என்று சொல்லிக்கொடுத்ததும் அதே கல்லூரிதான்.

இப்போது அந்த மனிதர் புது ஆட்டோகிளேவ் கேட்டு எங்களிடம் வந்திருந்தார்.

எங்கள் சங்கத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டைப் பெட்டி உண்டு. காய்ச்சல் இறங்கினால் ஒரு காசு. பிள்ளை பாஸானால் ஒரு காசு. வந்த மாமியார் ஊருக்குத் திரும்பினால் இரண்டு காசு என்று மணியக்கா சொல்வார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாச் சபைப் பெண்களும் ஒரு மண்டபத்தில் கூடி, சேர்ந்த பணம் எந்த ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். கேட்க வருபவர் ஐந்து நிமிடம் பேசலாம். தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. பிறகு கீழேயிருந்து மூன்று கேள்வி. பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. கடைசியில் பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சட்டைப் பொத்தானை, தங்களுக்குப் பிடித்த ஊழியத்தின் கண்ணாடி ஜாடியில் போடுவார்கள். பொத்தான் அதிகம் விழுந்த ஜாடிக்குப் பணம்.

கேட்க வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். "கண்ணீருக்குக் கால் பங்கு தள்ளிடணும்" என்பது மணியக்காவின் கணக்கு. போன தடவை ஒருவர் மணியடித்த பிறகும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அதிலிருந்துதான் ஆளுக்கு ஒரு பேச்சுத் துணை.

முதல் ஒத்திகை மருத்துவமனையில், அவர் அறையில் நடந்தது. கண்ணாடி போட்ட மேஜை. சுவரில் மூன்று காலண்டர்கள், அதில் ஒன்று பழையது. அடுத்த அறையிலிருந்து மெஷினின் சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தேவ கிருபையால் எங்கள் மருத்துவமனையின் ஸ்தாபகர்கள்," என்று தொடங்கினார். ஐந்து நிமிடமும் முடிந்தது. ஸ்தாபகர்கள் இன்னும் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மெஷின் எப்போ வரும், சார்?"

"வருது வருது. முதல்ல பெரியவங்களை நினைச்சுக்கணுமில்ல."

"பெரியவங்களுக்குப் பொத்தான் விழாது, சார்."

அவர் சிரித்தார். எனக்கே ஆச்சரியம். அம்மாவைத் தவிர யாரிடமும் நான் இப்படிப் பேசியதில்லை. பகை இவ்வளவு சரளமாகப் பேச வைக்கும் என்று தெரியாது.

"எத்தனை நாளா இந்தத் தொந்தரவு?"

"போன வருஷத்துலேர்ந்துன்னு சொல்லலாம்."

"விடுதிக்காரர் ஆறு வருஷமா ஒழுகுற கூரையோட வர்றார்," என்றேன். பிள்ளைகள் விடுதி நடத்தும் அவரும் இந்த முறை பணம் கேட்டிருந்தார். நான் சொன்னது உண்மைதான்.

நிர்வாகியின் முகம் சுருங்கியது. "ஆறு வருஷமா? அந்தக் கூரையை நான் பார்த்திருக்கேம்மா. ரெண்டு ஓடு போனதுக்கு இந்த ஒப்பாரியா?"

"போன வருஷம்னா பத்தாது, சார்."

"எவ்வளவு பின்னாடி போகலாம்?"

"உண்மை எவ்வளவு தூரம் போகுதோ, அவ்வளவு."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உண்மை ரொம்ப தூரம் போகும்மா. புதுக் கட்டடம் திறந்தோமே, அந்த வருஷமே மெக்கானிக் வந்து பார்த்துட்டுச் சொன்னான். சார், இந்த மீட்டர் பொய் சொல்லுது. முள்ளு சரியான இடத்துல நிக்குது, உள்ள அந்தச் சூடு இல்லைன்னான். மாத்தணும்னான். கட்டடத்துலயே எல்லாப் பணமும் போயிடுச்சு, காசுக்கு எங்க போறது? அப்படியே ஓட்டினோம்."

மேஜைக்கு அடியில் என் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அடுத்த வருஷம் ஒரு சின்னப் பிரச்சினை வந்துச்சு. அதுலேர்ந்து எப்பவும் இரட்டை நேரம்தான் ஓட்டுறோம். கரண்டு பில்லைப் பார்த்தா நீயே அழுவ."

"என்ன பிரச்சினை, சார்?"

"அது முடிஞ்சுபோச்சு. ஒரு அம்மாவை அனுப்பிட்டோம்."

ஒரு அம்மா.

அங்கேயே எழுந்து நின்று நான் யார் என்று சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று அவர் சாதித்திருப்பார். அவர் சொல்லுக்கு எதிராக ஊமச்சியின் சொல். யாருடைய சொல் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"இதையே மேடையில சொல்லுங்க, சார்," என்றேன். "மெக்கானிக் சொன்ன வார்த்தை அப்படியே வரட்டும். மீட்டர் பொய் சொல்லுது. அது யாருக்கும் மறக்காது. எந்த வருஷம்னு நம்பரா சொல்ல வேண்டாம். புதுக் கட்டடம் திறந்தப்போன்னு சொல்லுங்க. அன்னைக்கு எல்லாரும் வந்திருந்தாங்க."

"இரட்டை நேரம் ஓட்டுறது?"

"அதுவும் சொல்லுங்க. உங்க பொறுப்பு தெரியும்."

"அந்தப் பிரச்சினை?"

"அது வேண்டாம், சார். ஐந்து நிமிஷம்தானே."

மூன்று வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும். அவர் நல்ல மாணவர். "மீட்டர் பொய் சொல்லுது" என்பதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி பேசாமல் நிற்கக் கற்றுக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுது இல்ல?" என்றார்.

"நல்லா செய்யுது, சார்."

அந்த மூன்று வாரத்திலும் அம்மா தன் கேள்வியை விடவில்லை. ஒருநாள் தலையணை உறை மாற்றும்போது. ஒருநாள் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கும்போது. சீக்கிரம் எடுத்துட்டேனோ. ஒரே வாக்கியத்தில் நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் எனக்குப் போதாது. அந்தப் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களுக்குத் தெரிய வேண்டும். அதுவும் அவர் வாயாலேயே.

"கூட்டத்துக்கு நீயும் வா," என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் எதுக்குடி? என் பொத்தானையும் நீயே போட்டுடு."

"ஒருத்தி ரெண்டு போடக் கூடாது."

"யாரெல்லாம் கேக்க வர்றாங்க?"

சொன்னேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எந்தப் புடவை உடுத்தலாம் என்று எடுத்துப் பார்த்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஐந்து ஜாடிகள். விடுதிக்காரர் முதலில் பேசினார். கூரையைவிட அவர்தான் அதிகம் ஒழுகினார். என் பக்கத்தில் இருந்த பெண், "தள்ளுபடி போகக் கூரையில ஓட்டையே இல்லை போலிருக்கே," என்று முணுமுணுத்தாள்.

பிறகு நிர்வாகி. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்லும் சிந்தவில்லை. புதுக் கட்டடம் திறந்த நாளைச் சொன்னபோது பெண்கள் தலையாட்டினார்கள். "சார், இந்த மீட்டர் பொய் சொல்லுது," என்று சொல்லி நிறுத்தினார். இரண்டு நொடி. இரட்டை நேரம் ஓட்டுவதைச் சொன்னார், கரண்டு பில்லைச் சொன்னார். மணி அடிக்கும் முன்பே முடித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. கூட்டத்தில் என்னைத் தேடி, லேசாகத் தலை அசைத்தார்.

அம்மா கைதட்டவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்தாள்.

முதல் கேள்வியை ஓர் ஆசிரியை கேட்டார். புது மெஷின் கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள் என்று. நிர்வாகி அழகாகப் பதில் சொன்னார்.

நான் எழுந்தேன். மைக் கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்த முகங்கள் எல்லாம், ஊமச்சியா, என்றன.

"சார், புதுக் கட்டடம் திறந்தப்பவே மெக்கானிக் சொல்லிட்டார்னா, அதுக்கு அடுத்த வருஷம் மூணு பேருக்குக் கண்ணு போச்சே, அப்போ மீட்டர் பொய் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் புன்னகை அப்படியே இருந்தது. நான் வழி தவறிவிட்டேன், நானே திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்தார் போல. "அம்மா, அந்த விஷயம் வேண்டாம்னு நீங்கதானே..."

"தெரியுமா, தெரியாதா, சார்?"

"அது வேற சூழ்நிலை. அப்போ நாங்க..."

நேரம் முடிந்தது என்று மணியக்கா அடித்திருக்கலாம். அடித்தால் அவர் இறங்கியிருப்பார். மணியக்காவின் கை மணியின் மேல் இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

"பதில் சொல்லிட்டு இறங்குங்க," என்றார்.

"தெரியும்," என்றார் நிர்வாகி. மைக்கில் அது சின்னதாக வந்தது.

மூன்றாவது கேள்விக்கு யாரும் எழவில்லை. அம்மா எழுந்தாள். அவளுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை. நான் பிடித்தேன்.

"அன்னைக்கு நான் நேரத்துக்கு எடுத்தேனா, முன்னாடியே எடுத்துட்டேனா?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு முகமும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"நேரம் சரிதான்," என்றார். "நீங்க சரியாத்தான் எடுத்தீங்க."

"மைக்ல சொல்லுங்க, சார்," என்றார் மணியக்கா. "பின்னாடி கேக்கலை."

இன்னொரு தடவை சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது தடவைதான் பிடித்திருந்தது.

பொத்தான் போடும் நேரம் வந்தது. யாரும் நாற்காலியை விட்டு நகரவில்லை. எல்லோரும் அம்மாவின் பக்கமே பார்த்தார்கள். அவள் எந்த ஜாடியைத் தவிர்க்கிறாளோ அதையே தவிர்ப்பது என்று மண்டபமே காத்திருந்தது. நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். வெறும் ஜாடியோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

அம்மா மேடையேறி, மருத்துவமனை ஜாடியில் தன் பொத்தானைப் போட்டாள்.

"மெஷினை வாங்கிக் குடுங்க," என்றாள். "இல்லைன்னா இன்னும் ரெண்டு பேருக்குக் கண்ணு போகும், இன்னொருத்தி தலையில பழி விழும். ஆனா பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி இவர் அந்த மூணு வீட்டுக்கும் நடந்து போகணும். இங்க சொன்னதை அங்கயும் சொல்லணும். கார்ல போகக் கூடாது. நான் கூட வருவேன்."

"சங்கத்துக்குச் சம்மதம்," என்றார் மணியக்கா, யாரையும் கேட்காமல். யாரும் மறுக்கவும் இல்லை. பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நான் என் பொத்தானை விடுதிக்காரரின் ஜாடியில் போட்டேன். அம்மாவின் மனசு எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வாரமா."

அவள் நின்றாள். "மூணு வாரமா நான் புலம்பிக்கிட்டே இருந்தேன். நீ பார்த்துக்கிட்டே இருந்த."

"எல்லாருக்கும் முன்னாடி அவர் சொல்லணும்னுதாம்மா."

"அவன் இத்தனை வருஷம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தான். நீ மூணு வாரம்." சில நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி. ஆனாலும் மறுபடி வாய்த்தால் அதையேதான் செய்வேன்.

அடுத்த வாரம் முதல் வீட்டுக்குப் போனோம். அவர் தையல்காரர். தெருவைப் பார்த்த கடை, அதற்குப் பின்னால் வீடு. நல்ல வெயில். மூன்று பேரும் நடந்துதான் போனோம். நிர்வாகி வாசலில் நின்றபடியே சொன்னார். மெக்கானிக், மீட்டர், தெரிந்தும் ஓட்டியது, பழியை யார் தலையில் போட்டார் என்பது. எங்கும் நிறுத்தவில்லை, மூச்சு விடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஊசியில நூல் கோக்கும்போதெல்லாம் உங்களைத்தான்மா சபிச்சேன்."

"தெரியும்," என்றாள் அம்மா.

"எப்படித் தெரியும்?"

"நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

தையல்காரர் நிர்வாகியைத் தன் ஒற்றைக் கண்ணால் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சரி," என்றார். "இனிமே ஆளை மாத்திக்கிறேன்."

நிர்வாகி கை நீட்டினார். தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துணியின் பக்கம் குனிந்துவிட்டார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

தெருவுக்கு வந்ததும் நிர்வாகி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எங்கயாவது நிழல்ல கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாமாம்மா?"

அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு, சார்," என்றேன். "அங்க உக்காரச் சொன்னா உக்காருங்க."